ஊத் வாசிக்கும் கரடி

குளியல் மாளிகையின் மேற்குச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருந்தது. காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும் என்பதால், புஸ்ராவிலிருந்து வந்திருந்த ஓவியர் தவ்மா காலையிலிருந்து சாரத்தை விட்டு இறங்கவில்லை. கீழே ரைதா காவிக்கல்லை அரைத்துக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும். இடது கை மடியில் கிடந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தன.

போன குளிர்காலம் வரை, அந்த மாளிகைக்கு எசமானான அமீரின் சபையில் ஊத் வாத்தியத்தின் தந்திகளில் ஓடிய விரல்கள் அவை. அமீரின் தோழன் ஹுனைஃபும் ஊத் வாசிப்பவன்தான். ஒரு விருந்தில் இருவரும் ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசித்தார்கள். அமீர் தன் மேலாடையைக் கழற்றி, வென்ற பரிசாக ரைதாவுக்குப் போட்டார். மறுநாள் அவள் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கக் குனிந்தபோது, பின்னால் வந்த ஹுனைஃப் அவள் இடது கைமேல் மூடியை அறைந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். மூடி தவறி விழுந்ததாக அமீரிடம் அவனே போய்ச் சொன்னான். அடிமைப் பெண்ணின் பேச்சை யாரும் கேட்கவில்லை; வண்ணம் அரைக்க அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. அவன் உட்கார்ந்த கனம் மட்டும் விரல்களை விட்டு இறங்கவேயில்லை.

நடனப் பெண்ணின் கால்சலங்கையை முடித்த தவ்மா, பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார்.

"இங்க எசமான் சிரிக்கிற மாதிரி ஒரு மிருகம் வேணுமாம். கொரங்கு போடட்டுமா?"

"கரடி போடுங்கண்ணே. ஊத் வாசிக்கிற கரடி."

"நல்லாத்தான் இருக்கும்."

"தலை தோள்மேல சாஞ்சிருக்கணும். எடது கண்ணு பாதி மூடியிருக்கணும். நாக்கு நுனி வாயோரமா வெளிய தெரியணும்."

தூரிகை நின்றது. ஹுனைஃப் வாசிப்பதை ஒருமுறை பார்த்தவர்களால்கூட அந்த முகத்தை மறக்க முடியாது.

"என் தோல உரிச்சுருவாங்க, புள்ள."

"எசமான் சிரிச்சுட்டா உரிக்க மாட்டாங்க."

"சிரிக்கலன்னா?"

"நான் சொல்லித்தான் வரைஞ்சேன்னு சொல்லிருங்க. எங்கிட்ட ஒடைக்க இன்னும் ஒரு கை இருக்கு."

தவ்மா அவள் மடியைப் பார்த்தார். பிறகு, "பழுப்பக் கெட்டியா அர" என்றார்.

வேட்டை முடிந்து குளிக்க வந்த அமீர் சிரித்தார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து ஹுனைஃபுக்குப் பெயரே கரடி. குதிரைக்காரர்கள்கூட அவன் முதுகுக்குப் பின்னால் உறுமினார்கள். படத்தை அழிக்கச் சொல்லி அவன் கெஞ்சினான்.

"அழிச்சா, நீதான் அங்க போயி நிக்கணும், பரவாயில்லயா?" என்றார் அமீர்.

அடுத்த விருந்தில் அவன்மேல் ஒரு கரடித்தோலைப் போர்த்தி வாசிக்கச் சொன்னார்கள். ரைதா தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றாள். வேர்த்து வழிந்து, தோலுக்குள் தடுமாறி அவன் உட்கார்ந்தபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தச் சிரிப்பு இரவெல்லாம் நீளாதா என்றிருந்தது.

பிறகு அவன் வாசித்தான். அவளோடு போட்டியிட்ட அதே மெட்டு. நாறும் தோலுக்கு வெளியே அவன் விரல்கள் முழுசாக, ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடின. ஒரு பிசகும் இல்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது.

"கரடி நெசமாவே அழ வைக்குதே," என்றார் அமீர் மெதுவாக.

ரைதாவின் இடது கை அவளைக் கேட்காமலே இடுப்பின்மேல் அசைந்து, அந்த மெட்டைத் தேடியது. நடுவிரல் மடங்க மறுத்தது. அவள் அந்தக் கையை வலது கையால் அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். பெயர் கெட்டும் அவனுக்கு ஒன்றும் குறையவில்லை.

விடிந்ததும் ரைதா இன்னும் பிரிக்காமல் நின்ற சாரத்தில் ஏறினாள். பூச்சு கல்லாக இறுகியிருந்தது. சுரண்டியைப் பதித்து, கரடியின் இடது கை விரல்களை நிதானமாக ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. தந்திகளில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள். இறங்கி, கீழேயே காத்திருந்தாள்.

வெந்நீர் ஏறியதும் ஹுனைஃப் தனியாகக் குளிக்க வந்தான். முந்தைய நாள் கிடைத்த பாராட்டு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என்ன வேணும் ஒனக்கு?"

ரைதா சுரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவன் இடது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல், வழுக்கும் தரையில் காலால் துழாவித் துழாவிப் பின்பக்கமாகவே வாசலை நோக்கி நகர்ந்தான்.