நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு

விடியும் முன்பே குப்பை பிரிக்கும் கூடத்தில் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு நீண்ட முனகல், அப்புறம் ஊர் நேற்று தின்றது, குடித்தது, உடைத்தது எல்லாம் எங்கள் இடுப்பு உயரத்தில் நகர்ந்து வரும். பால் அட்டைப்பெட்டி. ஷாம்பு பாட்டில். ஒற்றைச் செருப்பு. பொம்மையின் தலை. பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு பேர் நிற்கிறோம். பாட்டிலுக்கு வலப்பக்கத் தொட்டி, அட்டைக்கு இடப்பக்கத் தொட்டி, தகரத்துக்கு முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்துப் போடுகிறவள் புதுசு. பார்க்காமல் போட்டுவிட்டு, தகரம் தொட்டியில் விழும் சத்தத்தைக் காதில் வாங்குகிறவள் பழசு.

நான் சத்தத்துக்கும் காத்திருப்பதில்லை. அதற்குள் அடுத்தது கையில் இருக்கும். அதனால்தான் எனக்கு மின்னல் என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

எனக்கு நேர் எதிரே அக்கா. கூடப் பிறந்த அக்கா. அவள் மணிக்கட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது.

விர்ர்ர்.

அவள் கையுறை அது. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு பொருளுக்குக் குறைவாக எடுத்தால் அதிரும். ஒரு ஷிஃப்டில் பத்துத் தடவை அதிர்ந்தால் சுவரில் உள்ள பலகையில் நம் எண்ணுக்கு நேராகச் சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம். அக்காவுக்கு இரண்டு விழுந்துவிட்டது.

"அக்கா, கையை வேகமா விடு. ஒம்பதாவது தடவை."

"பாத்துதான்டி எடுக்க முடியும்."

"பாக்காத! எடு!"

சொன்ன வாயைக் கடித்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் பார்க்காமல்தான் எடுத்தாள். கறுப்புப் பை. உள்ளே யாரோ போட்டுவிட்டு எறிந்த ஊசி. கையுறையைத் தாண்டி ஆட்காட்டி விரலில் ஏறியது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஆறாவது வாரம் மறுபடி எடுக்க வேண்டும், அப்புறம் மூன்றாவது மாதம். நோய் ஏதும் தொற்றியதா என்று அதுவரை தெரியாது. டம்ளரில் எல்லாம் ஒட்டாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியும் அக்கா தன் டம்ளரை ஜன்னல் மேல் தனியாக வைத்திருக்கிறாள். மகளுக்கு முத்தம் கொடுப்பதில்லை. தலையைத் தடவிவிட்டு அனுப்புகிறாள். அதுவும் இடது கையால்.

அவளுக்காக நான் கையை நீட்டி அவள் பக்கத்துப் பாட்டிலையும் சேர்த்து அள்ளினேன். பிரயோஜனமில்லை. கையுறை அவளுடைய விரல் அசைவைத்தான் எண்ணும். விவரமான கையுறை.

இடைவேளைக்கு மணி அடித்ததும் முதலாளி வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சாதாரணமாக எங்களோடு நின்று டீ குடிப்பார். அன்றைக்குக் குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை நகராட்சிக் குழு வருது. ஒரு அம்மாதான் தலைவர். அவங்க பாத்து ஒத்துக்கிட்டா, ஊர்ல இருக்கற பதினேழு கூடத்துக்கும் இதே கையுறை, இதே வேகம், சட்டமா வந்துடும். நம்ம கூடம்தான் முன்மாதிரி. பல்கலைக்கழகத்துக்காரங்க வந்தப்ப எப்படிச் செஞ்சீங்களோ, அப்படியே செஞ்சாப் போதும்."

"எங்க அக்கா விரலையும் காட்டலாமா முதலாளி, முன்மாதிரியா?" என்றேன்.

"அது விபத்தும்மா. விபத்து வேற, வேகம் வேற."

"ரெண்டும் ஒரே கையிலதான நடந்துச்சு?" என்றாள் வக்கீல். படித்த வக்கீல் இல்லை. எதற்கும் எதிர்க்கேள்வி போடுவாள், அதனால் அந்தப் பேர்.

முதலாளி அவளைப் பார்க்காமல், வண்டியோட்டும் ரேடியோ அண்ணனிடம் திரும்பினார். "நீ அன்னைக்குக் கொண்டாந்தியே, அதே ஆபீஸ் குப்பையைக் கொண்டா. ஆஸ்பத்திரித் தெருப் பக்கம் போகாத. அழுக்குப் பை ஏதும் இருந்தா விடியறதுக்குள்ள பொறுக்கி எடுத்துடுங்க, என்ன? அன்னைக்குச் செஞ்ச மாதிரி."

அவர் போய்விட்டார். ரேடியோ அண்ணன் வாய் ஓயாதவர், தூக்கத்திலும் செய்தி வாசிப்பார் என்று அண்ணியே சொல்லும். அவரே ஒரு நிமிடம் பேசவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியரும் அவருடைய மாணவனும் வந்தார்கள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன் என்பதால் டாக்டர் தம்பி என்று கூப்பிட்டோம். மரியாதையான பையன், எல்லாருக்கும் வணக்கம் வைத்தான். குப்பை பிரிக்கிறவர்களின் கை எவ்வளவு வேகத்தில் போகும் என்று இதுவரை யாரும் அளந்ததே இல்லையாம். மூன்று நாள் அளக்கப் போகிறோம் என்றார்கள். எங்கள் கையை அளக்க பல்கலைக்கழகத்திலிருந்து ஆள்! நாங்கள் என்ன செய்தோம்? படித்தவர்கள் நாற்றத்தில் நிற்கக் கூடாதே என்று ரேடியோ அண்ணன் ஆபீஸ் குப்பையாகப் பார்த்துக் கொண்டுவந்தார். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கண்ணாடி, ஊசி, அழுக்கான குழந்தைத் துணி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டோம். தரையைக் கழுவினோம். அப்புறம் போட்டி போட்டுக்கொண்டு கையை வீசினோம். நான் ஐம்பத்தெட்டு. எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி ஐம்பத்திரண்டு. பேராசிரியர் கைதட்டினார்.

அந்த மூன்று நாள் கணக்கு ஆராய்ச்சிக் கட்டுரை ஆனது. கட்டுரையில் என் இரண்டு கையும் போட்டோவாக வந்தது. அதை வெட்டி உடை மாற்றும் அறையில் நானே ஒட்டினேன். கட்டுரையைக் காட்டி டாக்டர் தம்பி புதுசாகக் கம்பெனி தொடங்கினான், கையுறை செய்ய. கையுறையைப் பார்த்து நகராட்சி வரைவு விதி எழுதியது. விதியைக் காட்டி முதலாளி பலகை மாட்டினார். பலகையைப் பார்த்து அக்கா பைக்குள் கையை விட்டாள்.

எல்லாம் என் ஐம்பத்தெட்டில் தொடங்கியது.

டாக்டர் தம்பி ஆபீஸ் அறையில் கையுறைகளுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் கதவைக்கூடத் தட்டவில்லை.

"தம்பி, அந்த ஐம்பத்திரண்டு பொய்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கையில் இருந்த ஒயர் அப்படியே நின்றது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

"நான்தான் சொன்னேனே, வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்கன்னு."

"வீட்டுக்கு ஆள் வந்தா யாராவது வழக்கமா இருப்பாங்களா தம்பி? உங்க வீட்ல கிழிஞ்ச பாயையா விரிப்பீங்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "கட்டுரை வெளிவந்துடுச்சு. நகராட்சி விதியில மூணாவது பக்கத்துல அந்த எண் இருக்கு. எங்க கம்பெனியில பதினோரு பேர் வேலை செய்யறாங்க, எல்லாரும் என்னை நம்பி. வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் நானே மறுபடி அளக்கறேன். சத்தியமா."

"அப்புறம்னா? சட்டமானப்புறமா?"

அவன் ஒயரை எடுத்து இன்னொரு கையுறையில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

ஷிஃப்ட் முடிந்து கை கழுவும் தொட்டிகளைச் சுற்றி எல்லாரும் நின்றோம். சோப்பு நுரையோடு நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பெல்ட்ட நிறுத்திடுவோம். வியாழக்கிழமை அவங்க வரும்போது ஒருத்தரும் தொடக் கூடாது" என்றாள் வக்கீல்.

"நிறுத்தினா, வேலை செய்ய வலிக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றேன். "நிறுத்த வேணாம். செய்வோம். உண்மையான குப்பையை உண்மையான வேகத்துல செய்வோம்."

"எல்லாருக்கும் சிவப்புப் புள்ளி விழும்டி."

"விழட்டும்."

"உனக்கென்ன, உனக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல. உங்க அக்காவுக்கு மூணாவது விழுந்துடுமே?"

அதை நான் யோசிக்கவில்லை. எதையும் நான் நின்று யோசிக்கிறவள் இல்லை. அக்கா குழாயை மூடினாள்.

"எப்படியும் எனக்கு விழும். நாளைக்கோ, நாளன்னைக்கோ. தனியா விழறதுக்கு எல்லாரோடயும் விழட்டும்."

ரேடியோ அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஆஸ்பத்திரித் தெருக் குப்பை என் பொறுப்பு. ஆனா ஒண்ணு. இருபத்தோரு பேர் நிதானமா செஞ்சு, ஒருத்தி மட்டும் பறந்தா எல்லாம் கெட்டுது. ‘பாருங்க, முடியுது பாருங்க'ம்பாங்க."

எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது.

"மின்னலே, உனக்கு மெதுவா செய்ய வருமாடி?" என்றாள் வக்கீல். சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். நிஜமாகவே எனக்கு வராது.

மறுநாள் பெல்ட்டில் முயன்று பார்த்தேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. நாயைச் சங்கிலியில் பிடித்து இழுப்பது போல இழுத்தேன், அப்போதும் ஐம்பத்தைந்து. அக்கா எதிரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"எடுக்கறதுக்கு முன்னாடி அது பேரச் சொல்லு. வாய்விட்டுச் சொல்லு. அப்புறம் எடு."

"பாட்டில்" என்றேன். எடுத்தேன். "அட்டை." எடுத்தேன். "தகரம்." பேர் சொல்ல வேண்டுமானால் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக நான் தொட்டதை எல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளும் சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும். பத்தாவது அதிர்வுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டோம்.

வியாழக்கிழமை குழு வந்தது. நாலைந்து பேர். முன்னால் கண்ணாடி போட்ட அம்மா, கையில் கோப்பு. பேராசிரியர் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், பின்னால் பலகைக் கணினியோடு டாக்டர் தம்பி. பெல்ட் இருமியது, முனகியது. ரேடியோ அண்ணன் கொட்டினார்.

நாற்றம் முதலில் வந்தது. குழுவில் ஒருவர் கைக்குட்டையைத் தேடினார். முதலாளியின் முகம் கறுத்தது.

"பாட்டில்." "அட்டை." "அட்டை." "துணி." "தகரம்." இருபத்திரண்டு வாய். கத்தவில்லை, ஒவ்வொருத்தியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டோம். ஆனால் கூடத்தின் தகரக் கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. முதல் மணிக்கட்டு அதிர்ந்தது. அடுத்து இரண்டு. அடுத்து பத்து. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் தேன்கூடு மாதிரி இரைந்தது. என் மணிக்கட்டும். இப்படி விடாமல் அதிர்ந்தது வாழ்க்கையில் முதல் தடவை.

"என்ன சத்தம் இது?" என்றார் அந்த அம்மா.

முதலாளி டாக்டர் தம்பியை முழங்கையால் இடித்தார். "அமத்துப்பா. அமத்திடு."

ஒரு விரல் போதும் அவனுக்கு, மொத்தக் கையுறையும் அடங்கிவிடும். அவன் விரல் கணினி மேல் போனது. அங்கேயே நின்றது. நான் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கணினியை மெல்ல இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"கை மெதுவா போகுதுன்னு சொல்ற சத்தம்மா அது" என்றான். "இப்ப முப்பத்தொண்ணு போகுது."

"உங்க கட்டுரையில ஐம்பத்திரண்டுல்ல இருந்துச்சு?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் எதிரே அக்காவின் குரல்.

"ஊசி."

மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். கறுப்புப் பையின் வாயை அக்கா இடுக்கியால் விலக்கினாள். உள்ளேயிருந்து அதை எடுத்தாள். முனையில் மூடி இல்லை. பெல்ட்டின் ஓரத்தில், அந்த அம்மாவின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

"அதை யாரும் அளக்கலைங்கம்மா" என்றாள் அக்கா.

வாக்குறுதி ஒன்றும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை குழு மறுபடி கூடும் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். பேராசிரியர் டாக்டர் தம்பியை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ அடிக்குரலில் பேசினார். சாயந்தரம் பலகையில் இருபத்திரண்டு சிவப்புப் புள்ளி. அக்காவின் எண்ணுக்கு நேராக மூன்றாவது.

மறுநாள் விடியலில் வாசற்கதவில் காவலாளி அக்காவை மட்டும் மறித்தார். அவளுக்குப் பின்னால் இருந்த நான் உள்ளே போகவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வக்கீலும். கையுறைகளைக் கழற்றி மதில் மேல் வரிசையாக வைத்தோம். ரேடியோ அண்ணன் குப்பை வண்டியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டார். உள்ளே பெல்ட் இருமியது, முனகியது, வெறுமனே ஓடியது.

டாக்டர் தம்பி சைக்கிளில் வந்தான். கணினி இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். உள்ளேயும் போகாமல் எங்கள் பக்கமும் வராமல் நடுவில் நின்றான். அப்புறம் அக்காவிடம் வந்தான்.

"வழக்கமான ஒரு நாள்ல ஊசி எத்தனை, கண்ணாடி எத்தனைன்னு எழுதணும். திங்கக்கிழமைக்கு முன்னாடி. சொல்லுவீங்களா?"

"உக்காருங்க தம்பி" என்றாள் அக்கா. "ஒருத்தி சொல்லி முடியாது."

முதலாளி கதவுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். "அவ ஒருத்திதான் வெளிய. நீங்க ஏன் நிக்கறீங்க? பெல்ட் சும்மா ஓடுது. வாங்க சீக்கிரம்!"

நான் அக்காவின் வலது கையை, ஊசி ஏறிய அந்த விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை.

"மெதுவா வரோம் முதலாளி" என்றேன். "அவளும் வந்தாதான் வருவோம்."