ஓரெழுத்தின் தலையில்

தாளில் எழுதியிருந்தது, கடைசிப் பத்திக்கு முன்புவரை, எல்லாமே உண்மை. அதனால்தான் விசில் அதை இரண்டாம் தடவையும் படித்தான்.

கப்பல் பழுது பார்க்கும் யார்டில், பாரம் கட்டித் தூக்கும் கும்பலுக்குப் பதினோரு வருஷமாக அவன்தான் தலை. கழுத்தில் தொங்கும் பித்தளை விசிலே பேராகிப் போன ஆள். மேனேஜர் அறை நாற்காலியில் அவன் உட்கார்ந்தது இன்றுதான்.

"உக்காருங்க. டீ சொல்லவா?" என்றார் மேனேஜர். நேற்றுவரை 'டேய் விசிலு' என்று கூப்பிட்ட வாய். 'ங்க' போட்டதுமே விசிலுக்குப் புரிந்துவிட்டது, ஏதோ பெரிதாகத் தலையில் கட்டப் போகிறார்கள்.

மொழி படித்தவர் யாரையோ பிடித்து இரண்டு பக்கம் எழுதி வாங்கியிருந்தார்கள். 'போ' என்ற ஒற்றை எழுத்தைப் பற்றி மட்டும். தமிழில் அது வினை, தனியாக நிற்கும், நமக்குக் கீழே இருக்கிறவனுக்குப் போடும் கட்டளை. யார்டில் வேலை பார்க்க வந்திருக்கும் தீவுக்காரர்களின் மொழியில் அதற்கென்று ஒரு பொருள் கிடையாது, தனியாகவும் நிற்காது, இன்னொரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, கேட்கிறவருக்கு மரியாதை சேர்க்கும். வேறொரு மொழியில் 'கொஞ்சம்' என்பதன் சுருக்கம். இன்னொன்றில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று 'வழியாக' என்றோ 'பிறகு' என்றோ பொருள் தரும். எட்டாவது வரை படித்த விசில் ஒரு வரி விடாமல் படித்தான்.

கடைசிப் பத்தியில்தான் விஷயம். 'பாரத்தின் அடியிலிருந்து விலகும்படி தமிழ்த் தொழிலாளி "போ" என்று கத்தினார். இறந்தவர் அதைத் தம் மொழியின் மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். விபத்துக்குக் காரணம் மொழி.' அதன் கீழே விசிலின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

செத்தவன் தீவுக்காரன். கும்பல் அவனுக்கு வைத்த பேரே 'போ'. வந்த புதிதில் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு போ வரும். 'அண்ணா' கற்றுக்கொண்டதும் அது 'அண்ணா போ' ஆனது. "பத்து நாள் ஆகல, என்னையே போங்கிறான் பாரு" என்று கும்பல் சிரிக்கும். "போ, இங்க வாடா!" என்று கூப்பிட்டால் சொத்தைப் பல் தெரிய அவனே முதலில் சிரிப்பான். முப்பது வயசு இருக்கும். பெயிண்ட் பிரிவில் இருந்த அவன் அண்ணனுக்கு 'பெரிய போ' என்று பேர்.

அந்தச் சொல்லால் ஒரு தடவை சிக்கல் வந்ததும் நிஜம். மூன்று வருஷத்துக்கு முன்னால், 'போ' என்று கத்தியதை மரியாதையாக எடுத்துக்கொண்டு நகராமல் நின்ற தீவுக்காரன் ஒருத்தனுக்குக் கால் விரல் நசுங்கியது. அன்றோடு, பாரம் தூக்கும்போது எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று விசில் சட்டம் போட்டான். இரண்டு குட்டை ஊதல் என்றால் மேலே. ஒரு நெட்டை என்றால் கீழே. நிறுத்தாமல் ஊதினால் ஓடு. இரும்பு அறுக்கிற சத்தத்தில் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? அதற்கப்புறம் தூக்குகிற நேரத்தில் எந்த மொழியிலும் யாரும் யாருக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. போ செத்த அன்றும் சொல்லவில்லை.

அன்று அறுந்தது வயர்க் கயிறு. இழை பிரிந்து கையுறையைக் கிழித்த கயிறு. கழித்துவிடச் சொல்லி விசிலே அதில் சிவப்புப் பெயிண்டை அடித்து மூலையில் எறிந்திருந்தான். பத்தாம் நாள், பெயிண்டைக் கரைக்கும் தின்னர் போட்டு யாரோ சிவப்பைத் துடைத்திருக்க, வாடைகூடப் போகாமல் அதே கயிறு கொக்கியில் தொங்கியது. புதுக் கயிறு இன்னும் வரவில்லை, வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியாக வேண்டும் என்றார்கள். விசில் முகர்ந்து பார்த்தான். தெரிந்துதான் பாரத்தை மாட்டினான். இரும்புத் தகடு சுழலாமல் இருக்க ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ கீழே நின்றான். விசில் இரண்டு குட்டையாக ஊதினான்.

சத்தம் அடங்கியபோது தகட்டுக்கு வெளியே ஒரு கை மட்டும் இருந்தது, கயிற்றை விடாமல்.

"நான் போன்னு கத்தலீங்களே சார்."

"கத்தினா என்ன தப்பு? நல்லதுக்குத்தான கத்துனீங்க? காப்பாத்தப் பாத்த மனுஷன்னு பேரு வரும்."

"கயிறு சார்..."

"கயிறுன்னு எடுத்தா, மாட்டுனது யாருன்னு கேப்பாங்க. ஊதுனது யாருன்னு கேப்பாங்க. கிரேன் ஓட்டுனது யாரு, உங்க மச்சான்தான?"

ஒரு நிமிஷம் என்று விசில் வெளியே வந்தான். வராந்தாவில் மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். விசிலின் பெண்டாட்டிக்கு அண்ணன்.

"போட்டுட்டு வந்துரு மாப்ள."

"அவன் அப்படிச் சாகல மச்சான்."

"எப்படிச் செத்தா என்ன, செத்துட்டான். பழிய சொல்லு மேல போட்டா, சொல்லு என்ன ஜெயிலுக்கா போவப்போவுது? நாமதான் போவோம். எந்தங்கச்சிய நெனச்சுப் பாரு."

விசில் உள்ளே போய்க் கோட்டின் மேல் பேரை எழுதினான். மேனேஜர் தாளை உருவிக்கொண்டு மை காயட்டும் என்று ஊதினார்.

"சரி, போ. போய் வேலையப் பாரு."

மூன்றாம் நாள் கேட் பக்கத்தில் நான்கு மொழியில் பலகை தொங்கியது. வேலை இடத்தில் 'போ' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

"அப்ப ஒண்ணுக்குப் போறதுக்கு என்னன்னுடா சொல்றது?" என்றான் வெல்டர்.

"கெளம்புறேன்னு சொல்லு. பெரிய பயணம் பாரு."

யாரும் முழுதாகச் சிரிக்கவில்லை. தீவுக்காரர்கள்தான் திண்டாடினார்கள். ஃபோர்மேனிடம் பேச வாயெடுப்பார்கள்; கடைசியில் அந்த எழுத்து நாக்கு நுனிவரை வரும்; எச்சிலோடு முழுங்குவார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே, சைக்கிள் கொட்டகையில், பெரிய போ காத்திருந்தான். பலகையின் அதிகாரம் கேட்டோடு சரி.

"அண்ணா போ," என்றான். நகக்கண்ணில் சாம்பல் நிறப் பெயிண்ட். "பேப்பர் படிச்சு சொன்னாங்க. தம்பிக்கு தமிழ் போ தெரியும். நல்லா தெரியும். ரூம்ல எனக்கு ஜோக் சொல்லுவான், 'போ இங்க வா', அப்படி. ரொம்ப சிரிப்பான்."

விசில் சைக்கிள் பூட்டைத் திறந்தான்.

"நீ வாயில கத்தினே? விசில் இல்ல, வாயில?"

இவன் ஒருத்தனிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவன் போய் யாரிடம் சொல்வான், எந்த மொழியில்? ஆனால் சொல்லுவான். யாராவது ஒருத்தருக்குப் புரியும். அப்புறம் கயிறு, மாட்டின கை, ஊதின வாய் என்று வரிசையாக வரும்.

"ஆமா, கத்தினேன்," என்றான் விசில்.

பெரிய போ அவன் கழுத்தில் தொங்கிய பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி அண்ணா."

அதற்குப் பின்னால் வரவேண்டிய ஓரெழுத்துக்காக விசில் நின்றான். வரவில்லை. பெரிய போ திரும்பி, சாலையைக் கடந்து, தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டான்.

மறுநாள் காலை கொக்கியில் வேறொரு வயர்க் கயிறு தொங்கியது. விசில் மூக்கருகே பிடித்தான். தின்னர். மேலே கிரேன் கூண்டிலிருந்து மச்சான் கையைக் காட்டினான். போ பிடித்த கயிற்றை இன்று புதுத் தீவுக்காரன் ஒருத்தன் பிடித்திருந்தான். விசில் அவனைக் கையாலேயே நாலடி தள்ளி நிற்கச் சொன்னான். அவன் தள்ளி நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

விசில் இரண்டு குட்டையாக ஊதினான்.