வளையம் கலையும் முன்

வீட்டில் அவளுக்குத் தையல் மெஷின் என்று பெயர். உட்கார்ந்தால் வலது கால் ஓட ஆரம்பித்துவிடும். நின்றால் குதிகால் தட்டும். "துணி இருந்தா கொடுங்க, சும்மாதானே ஓடுது" என்பது அக்காவின் அன்றாட அர்ச்சனை.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் இந்தக் கால் முதலில் பெருமைதான் தேடித் தந்தது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காரத்தை அளக்கும்போது குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விழும் சொட்டு ஓரிடத்தில் தங்காமல் பரவினால்தான் நிறம் மாறும் கணம் சரியாகத் தெரியும். அவள் கால் தாளம் போட, கை அதற்கேற்பச் சுழன்றது. மூன்று முறையும் ஒரே அளவு.

வம்பு வந்தது பழுப்பு வளையத்தில். கொடுத்த உப்பு நைட்ரேட்தானா என்று பார்க்கும் சோதனை இது. உப்புக் கரைசலில் அப்போதுதான் கரைத்த ஃபெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தை உள்சுவர் வழியாக மெல்ல இறக்க வேண்டும். அமிலம் கனத்த சங்கதி; தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் சத்தம் போடாமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் பழுப்பு வளையம் தோன்றும். ஆட்டினால் போச்சு. எல்லாம் கலந்து சூடேறி, வளையம் இருந்த சுவடே தெரியாது. ஒத்திகையில் மூன்று தடவையும் அவளுக்கு அப்படித்தான் ஆனது. உனக்கு மட்டும் நைட்ரேட் வராமல் இருக்க வேண்டிக்கொள் என்று டீச்சர் சிரித்தார்.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். கண்ணாடித் தம்ளரில் சர்க்கரைப் பாகு, அதன்மேல் மெதுவாக ஊற்றிய நீல மைத் தண்ணீர். கலையாமல் பத்து நிமிடம் கையில் பிடித்து நிற்க வேண்டும். ஐந்தாம் நாள், வலது பாதத்தை இடது பாதத்தால் மிதித்துக்கொண்டால் மெஷின் நிற்கிறது என்று தெரிந்தது.

செய்முறைத் தேர்வில் அவளுடைய உப்பைச் சூடாக்கியதும் பழுப்புப் புகை வந்தது. நைட்ரேட்தான். பாதத்தை மிதித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டு அமிலத்தை இறக்கினாள். அடியில் தெளிவு, மேலே வெளிர் பச்சை, நடுவில் அழகாக ஒரு வளையம். குழாயைத் தாங்கியில் வைத்தாள். தேர்வாளர் கண்ணால் பார்த்தால்தான் மதிப்பெண். மறுபடி செய்ய உப்பில் ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் மேஜையருகே ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். குழாய் லேசாக நடுங்கியது. அவள் முதலில் தன் காலைத்தான் சந்தேகப்பட்டாள். அது சாதுவாக இருந்தது. குனிந்து பார்த்தால், மேஜையின் குறுக்குக் கட்டையில் தேர்வாளரின் கறுப்பு ஷூ ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேகம்.

வளையத்தின் ஓரம் புகைபோல் கரைய ஆரம்பித்தது. மதிப்பெண் போடப்போகிறவர் கால். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் காலை நிறுத்துறீங்களா? என் வளையம் கலைஞ்சிடும்."

பின்னால் நின்ற டீச்சரின் முகம் அமிலத்தில் தோய்த்த நீல லிட்மஸ்போல் சிவந்தது. தேர்வாளர் தம் காலை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கால் நின்றது. குழாயைப் பார்த்தார். ஓரம் கலங்கியிருந்தாலும் வளையம் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுல இருபது வருஷமா நிறுத்துங்க நிறுத்துங்கங்கிறாங்க. ஒரு காரணத்தோட சொன்னது நீதாம்மா" என்றவர், "ஆமா, அது என்ன, ஒரு காலை இன்னொரு கால் மேல வச்சிருக்கே?" என்றார்.

"எனக்கும் ஓடும் சார்."

அவர் எழுந்து நகர்ந்தார். அடுத்த மேஜையில் உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது பாதத்தைத் தூக்கி வலது பாதத்தின் மேல் வைத்தார்.

அவள் தன் பாதத்தை விடுவித்தாள். இரண்டு மணி நேரப் பாக்கியையும் சேர்த்து அது ஓடியது.