மழுக்காத விளிம்பு

பனிவண்டி இன்ஜினின் சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலான போர்ட்டைப் பெரிதாக்கும்போது பட்டறைக் கதவைப் பூட்டிக்கொள்வேன். வட மிச்சிகனில் பனிவண்டி ஓட்டுகிறவன் எவனையும் நம்ப முடியாது. எல்லாரும் அளவு திருடுகிறவர்கள். அந்த வாசலை எவ்வளவு உயர்த்துகிறேன், எவ்வளவு அகட்டுகிறேன் என்பதை எழுதிக்கூட வைப்பதில்லை.

ரூடி லாஹ்டியின் வண்டியையும் அப்படித்தான், உறைந்த ஏரிமேல் நடக்கும் பந்தயத்துக்கு முந்தின நாள் செய்தேன். அகட்டி முடித்த நேரம் அவன் தம்பி க்ளைட் கதவைத் தட்டினான். எட்டிப் பார்க்க வந்திருக்கிறான் என்று அவசரமாக எல்லாவற்றையும் மாட்டி மூடிவிட்டேன். அவன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தான்.

மறுநாள் ரூடி எல்லாரையும் முந்திப் போனான். பாதி ஏரியில் இன்ஜின் இறுகிக்கொண்டது. வண்டி சுழன்று அவனைத் தூக்கி எறிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

பந்தய வண்டியில் ஆயில் பம்பைக் கழற்றிவிடுவோம். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவோம். அன்று கலந்தவன் க்ளைட். அவன் எண்ணெய் ஊற்ற மறந்ததால்தான் இன்ஜின் இறுகியது என்று ஊரே முடிவு கட்டியது. 'வறட்டு க்ளைட்' என்று பெயர் வைத்தார்கள். ரூடியின் மனைவி ஹெல்மி அவனை ஆஸ்பத்திரி அறைக்குள் விடவில்லை.

இன்ஜின் என்னிடம்தான் வந்தது. பிரித்தேன். பிஸ்டன் முழுக்க எண்ணெய்ப் பசை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் உடைந்த துண்டு போர்ட் விளிம்பில் சிக்கிக் கிடந்தது. அகட்டிய பிறகு அந்த விளிம்பைச் சாய்வாக மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் மாட்டிக்கொள்ளும். கதவு தட்டின அவசரத்தில் அதைத்தான் விட்டிருக்கிறேன்.

நான்கு நாள் வாய் திறக்கவில்லை. மதுக்கடையில் க்ளைடைக் கிண்டல் செய்தபோது நானும் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் க்ளைடே வந்தான்.

"பெரியவரே, எண்ணெய் ஊத்தினேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

சிலிண்டரை அவன் முன் வைத்தேன். "விரலை உள்ள விடு."

விட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ரத்தம் வந்தது.

"நீ ஊத்தின. நான்தான் மழுக்கல. அன்னைக்கு நீ கதவத் தட்டினப்ப, அளவு திருட வந்தேன்னு நெனச்சேன்."

விரலைச் சட்டையில் துடைத்தான்.

"இத அண்ணிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

அவன் வண்டியிலேயே போனேன். ஆஸ்பத்திரி அறை வாசலில் வைத்துச் சொன்னேன். ஹெல்மி என்னை ஏறிட்டும் பார்க்காமல் க்ளைடின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். திறந்த கதவு வழியே ரூடி கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"வண்டி பறந்துச்சு பெரியவரே" என்றான்.

திரும்பி நடந்தேன். திட்டியிருந்தால் நின்றிருப்பேன்.