இந்த வருஷத்துச் சாட்சி

இரணியல் பக்கத்துச் சபையில் அறுப்பின் பண்டிகையன்று, கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரம் வந்தால், ஐஸ் வாங்கப் போன பிள்ளைகள்கூட ஆலயத்துக்குள் ஓடி வந்துவிடும். மைக்கைப் பிடிப்பவர் ஜெபசீலன் சார். ரயில்வேயில் தண்டவாளத்தைக் கவனிக்கும் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன் தடம் புரண்ட ரயிலுக்கு முதல் ஆளாய்ப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வார். முதல் தடவை சொன்னபோது கவிழ்ந்தவை இரண்டு பெட்டிகள். அது ஐந்தாகி, பதினொன்றாகி, போன வருஷம் இருபதில் வந்து நின்றது. ஜன்னல் கம்பிகளை முருங்கைக்காய் மாதிரி ஒடித்துப் போட்டாராம். அவர் ஊதிய விசிலில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஒரு நிமிஷம் நின்று யோசித்தனவாம். அத்தனை பேரையும் உயிரோடு இறக்கினாராம்.

நிஜத்தில் மூன்று பேர் செத்தார்கள்.

கதையில் வராத ஆளும் ஒருவர் உண்டு. தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் கீமேன் மரியஜான். அன்று காலை அவர் வந்து, "சார், வளைவுல வெல்டிங் பக்கத்துல ஒரு கோடு தெரியுது. வண்டிய மெதுவா விடச் சொல்லணும்" என்றார். பெரிய அதிகாரி ஆய்வுக்கு வரும் நாள். தம் பகுதியில் வேகக் குறைப்பா? கௌரவம் என்னாவது? "சாயங்காலம் பாப்போம், போவும்" என்றார் ஜெபசீலன்.

மதியம் வண்டி கவிழ்ந்தது. கிரேன் வருமுன்பே, யார் தப்பு என்று எல்லா இலாகாக்காரர்களும் டேப் பிடித்து அளந்து, சண்டை போட்டு, ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்பது ரயில்வே விதி. அந்தத் தாளில் ஜெபசீலன் எழுதியது ஒரே வரி: விரிசலைப் பற்றிக் கீமேன் தெரிவிக்கவில்லை. மரியஜானுக்கு வேலை போயிற்று.

அவருடைய மகள் ஜெனிலா போன வருஷம் இந்தச் சபைக்கு மருமகளாக வந்தாள். இந்த வருஷப் பண்டிகையன்று ஆராதனைக்கு முன் ஜெபசீலனை வாசலில் மறித்தாள்.

"அப்பாவ கூட்டிட்டு வந்திருக்கேன். கடைசி பெஞ்சுல இருக்காவ. மூணு பேர கொன்னவனுக்க மவள்னுதான் இங்கயும் என்னச் சொல்லுதாவ. அந்தக் காலைல நடந்தத மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

மைக் கைக்கு வந்தபோது கடைசி பெஞ்சு தெரிந்தது. ஜெபசீலன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைக் குறைத்துச் சொன்னார்.

"கவுந்தது ரெண்டு பெட்டிதான். மூணு பேரு செத்தாவ. கீமேன் மரியஜான் காலைலயே சொன்னாரு. நாந்தான் கேக்கல. பொறவு பொய் எழுதி அவரு வேலைய கெடுத்தேன்."

முன்வரிசையில் சபைச் செயலர் ஜெப்சன் மெல்லச் சிரித்தார். "ஏலே, சாரு இந்த வருஷம் வண்டிய ரிவர்ஸ்ல விடுதாரு." சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

"சத்தியமாட்டு சொல்லுதேன்" என்றார் ஜெபசீலன். இன்னும் சிரித்தார்கள். போன வருஷக் காற்றாலைக்கும் அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

பாடகர் குழுவில் பெமிலா டீச்சர் மட்டும் கண்ணைத் துடைத்தார். "மூணு பேரு செத்த பாவத்தையும் அந்தக் கீமேனுக்க தப்பையும் தன் தலையில எடுத்து வச்சிட்டாரே. என்ன ஒரு தாழ்மை." பக்கத்து வரிசைகள் 'ஆமென்' என்றன. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

இறங்கி வந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஜெப்சன். "அடுத்த மாசம் குலசேகரத்துல கன்வென்ஷன். இதையே சொல்லணும் சார். அந்தக் கீமேன் பாகத்த மட்டும் கொஞ்சம் நீட்டி விடுங்க, நல்லா எடுபடுது."

ஜெபசீலன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் யாரும் இல்லை.