இந்துஜாவின் எலக்ட்ரீஷியன் பேட்ஜ்

ஞாயிறு காலை பத்து மணி. வங்காளத் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சில் இருந்த ஓர் அரசுக் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் எட்டுச் சாரணியப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, பலகையில் சுவிட்சும் பல்பு ஹோல்டரும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கேப்டன் வத்சலா ஒவ்வொரு பலகையிலும் ஒயரை இழுத்துப் பார்த்தாள். வாரநாட்களில் அவள் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிறு மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு. எலக்ட்ரீஷியன் பேட்ஜுக்கு ஆறு வாரப் பயிற்சி. அன்று ஐந்தாவது வாரம்.

முருகானந்தம் வாசலில் வந்து நின்றார். குடியிருப்புக் கமிட்டியின் செயலாளர். கையில் மகள் இந்துஜாவின் பயிற்சி நோட்டு.

"மேடம், பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை கோச்சிங் கிளாஸ். ஆனா நோட்டு முழுக்க எழுதிட்டா. படமெல்லாம் எவ்வளவு அழகா போட்டிருக்கா பாருங்க. ஒரு கையெழுத்துதானே?"

"ஒரு நாள்கூட வரலையே சார்? நோட்டுல எழுதினா கை பழகிடுமா?"

"அவ என்ன ஒயரிங் வேலைக்கா போகப் போறா? சாரணியர்ல பெரிய அவார்டு வாங்க இந்த பேட்ஜ் வேணும். நாளைக்கு சாரணியர் கோட்டாவுல வேலை கிடைக்க உதவும்." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஹாலைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடணும்னு கமிட்டியில ஒரே பேச்சு. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்."

கூடம் போனால் பயிற்சியே நின்றுவிடும் என்று வத்சலா பயந்தாள். எட்டுப் பேருக்காக ஒரு பொய் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னும் நடக்காத ஆறாவது வாரத்துக்கும் சேர்த்து ஆறு இடங்களில் கையெழுத்திட்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றம் முடிந்து பெண்கள் சீருடையோடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் மழையிலேயே குடியிருப்பின் பாதைகளில் தண்ணீர் நின்றிருந்தது. இந்துஜாவின் பிளாக்கில் தரைத்தளத்து வங்காளிப் பெண்மணி, பிள்ளைகள் எல்லோருக்கும் காகிமா, அதாவது சித்தி, இரும்புக் கேட்டைத் திறக்கக் கையை வைத்தார். அடுத்த கணம் கேட்டில் கசிந்திருந்த மின்சாரம் தாக்கி அவர் உடம்பு உதறியது. வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. கை கேட்டை விடவில்லை.

"காகிமா!" இந்துஜா பாய்ந்து அவர் தோளைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதே!" பின்னால் வந்த மேக்னா அவள் சட்டையைப் பற்றி இழுத்துத் தள்ளினாள். பதின்மூன்று வயதுப் பெண். ஆறு வாரமும் பயிற்சிக்கு வந்தவள். தண்ணீர் எட்டாத பக்கத்துப் படிக்கட்டில் ஏறி, சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். காகிமா துவண்டு விழுந்தார்.

உள்ளங்கை வெந்திருந்தது. உயிர் தப்பிவிட்டது. மேக்னா இன்னும் படிக்கட்டில் நிற்க, கூடியவர்கள் காகிமாவின் பக்கத்தில் இருந்த இந்துஜாவின் சட்டைக் கையில் தைத்திருந்த பேட்ஜைப் பார்த்து, அவள்தான் காப்பாற்றினாள் என்று நினைத்து முதுகில் தட்டினார்கள். அவள் தேம்பி அழுதாள். ஓடிவந்த வத்சலாவிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, எனக்கு நிஜமாவே தெரியாது. இழுத்தா போதும்னு நெனச்சேன்."

வத்சலா அவளை அணைத்துக்கொண்டாள். இவள் தொட்டிருந்தால் இரண்டு உயிர். அந்த நினைப்பு வத்சலாவை இரண்டு நாள் சோறு தின்னவிடவில்லை. மூன்றாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாரணியர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். இந்துஜாவின் நோட்டில் தான் போட்டவை பொய்க் கையெழுத்துகள், பேட்ஜை ரத்து செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. இனி வெளித் தேர்வாளர்தான் சோதிப்பார் என்றும் சொல்லிவிட்டார்கள்.

முருகானந்தம் கொதித்துப் போய் வந்தார். "என் பொண்ணு பேரைக் கெடுத்துட்டீங்களே! இனிமே ஹால் கிடையாது உங்களுக்கு."

"வேண்டாம் சார். எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சுக்கறேன். உங்க பொண்ணு அன்னைக்கு உயிரோட நின்னாளே, அதை நெனச்சுப் பாருங்க."

அவர் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறு இந்துஜா வத்சலாவின் வீட்டுக்கு வந்தாள். சட்டையில் பேட்ஜைப் பிரித்தெடுத்த இடம் வெளிறித் தெரிந்தது. கோச்சிங்கைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னாள். உதவிக்கு வந்திருந்த மேக்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒயரின் தோலைச் சீவுவதிலிருந்து தொடங்கினாள். விரலில் இரண்டு இடத்தில் கத்தி பட்டது. ஆறு வாரமும் தவறவில்லை.

தேர்வு நாளில் முருகானந்தமும் கூட வந்தார். இந்துஜா பியூஸ் கட்டினாள், டெஸ்டர் பிடித்தாள். பதற்றத்தில் எர்த் ஒயரை மட்டும் மாற்றி இணைத்துவிட்டாள். தேர்வாளர் மறுப்பாகத் தலையசைத்தார். "இது தப்பானா மத்ததெல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை. அடுத்த மாசம் வாம்மா."

முருகானந்தம் எழுந்தார். "சார், சின்னப் பொண்ணு… ஒரே ஒரு தப்புதானே, கொஞ்சம் பார்த்து…"

"அப்பா, ப்ளீஸ், உட்காருங்க." இந்துஜாவின் குரல் உறுதியாக இருந்தது. "அந்த ஒரு தப்புலதான் ஆள் செத்துப் போவாங்க. தெரியாத வேலை தெரியும்னு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தா, அது எனக்குச் செய்யற உதவி இல்லப்பா. என்னை நம்பி வர்றவங்களுக்குச் செய்யற துரோகம்."

முருகானந்தம் உட்கார்ந்தார். இந்துஜா தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த மாசம் எந்தத் தேதி சார்?"