லைன்மேட்டுக்கு வந்த சிங்கம்

"எங்க ஊர்ல சிங்கம் எப்பண்ணா வந்துச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்? எழுதிக் குடுத்தாங்க, வரைஞ்சிக்கினு இருக்கேன். வால் மட்டுந்தான் பாக்கி."

சாரத்தின் மேலிருந்து பேசியவர் முருகையன், கூட்டேரிப்பட்டு பெயின்டர். நாளைக் காலை திறக்கப்போகும் ஊர் வளைவில் 'சிங்கமேடு' என்ற எழுத்துகள் ஈரமாக மின்னின. கீழே, கேள்வி கேட்ட ஜெர்லினால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்.

ஊரின் பெயர் லைன்மேடு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே தண்டவாளம் போட வந்த கூலிகளுக்கு மேஸ்திரி ஞானப்பிரகாசம், அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன். ஒரு பிடி நிலமில்லாதவர். வேலை முடிந்து எல்லோரும் கலைந்தபோது, லைனோரம் மிஞ்சிக் கிடந்த மண்மேட்டில் பன்னிரண்டு குடும்பங்களைக் குடிவைத்தார். லைன்மேடு வாய்க்கு வாய் லயன்மேடானது. வளைவுக்கு மனு எழுதிய யாரோ அதை இங்கிலீஷில் 'Lion' என்று எழுத, தமிழுக்குத் திரும்பும்போது சிங்கமாகிவிட்டது. சிங்கத்தைக் கொன்று ஊரை உண்டாக்கிய ஜமீன்தார் ஒருவரும் வளைவின் திறப்புக் கல்வெட்டில் முளைத்துவிட்டார்.

ஊராட்சித் தலைவரிடம் காலையிலிருந்து மூன்று முறை போய்விட்டாள். பேஜாரு பண்ணாதே என்றார். அப்பா டொமினிக்கும் விடச் சொன்னார்.

"சிங்கமேடுன்னா நாலு பேர் மதிப்பான். கூலிக்காரன் ஊருன்னு நாமளே ஏன் போர்டு மாட்டிக்கணும்?"

அந்தக் கேள்விதான் அவளை வீட்டில் உட்காரவிடாமல் இங்கே துரத்தியது.

முருகையன் சிரித்தார். லைன்மேடு என்றால் தண்ணீருக்கு லைனில் நிற்கிற ஊர் என்று நினைப்பார்கள் என்றார். அப்போது ரயில் ஒன்று நிற்காமல் கடந்தது. சாரம் அதிர்ந்தது, பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

சத்தம் ஓய்ந்ததும் ஜெர்லின் செல்போனை உயர்த்திக் காட்டினாள். அவர் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திரையில் ஒரு படம்: கல்லறையில் நட்ட சிலுவை. இரண்டு தண்டவாளத் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கியது. அதில் உளியால் கொத்தியிருந்தது: ஞானப்பிரகாசம் மேஸ்திரி, லைன்மேடு.

முருகையன் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இரும்புல கொத்தியிருக்கான்," என்றார் மெதுவாக. பிறகு, தலைவர் தன்னைச் சும்மா விடமாட்டார் என்று முனகிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெர்லின் பெயின்ட் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"சிங்கம்கூட இருந்துட்டுப் போவட்டும்ணா. எழுத்து காயறதுக்குள்ள, 'சிங்க'வ அழிச்சிட்டு 'லைன்'னு மட்டும் எழுதிக் குடுங்கண்ணா."